பகைவன் தொடுத்த வழக்கு

கதை கேட்கும் விருப்பம் மனிதனோடு உடன்பிறந்தது. கேட்ட கதைகளுள் பெரும்பாலானவற்றை நாம் விரைவில் மறந்துவிடுகின்றோம். மறவாமல் நிற்கும் சிலவற்றை எண்ணிப் பார்ப்போமாயின், அவற்றில் தலைவனோடு அவனை எதிர்த்து நின்ற பகைவனும் நம் நினைவில் நிற்பதைக் காணலாம். தலைவன் வெல்வான் என்பதை அறிந்தே நாம் கதையினுள் புகுகின்றோம். அவனை எதிர்ப்பவன் யாது செய்வான், எதனால் செய்வான் என்பனவே நாம் அறியாதன. ஆகவே கதையை நடத்திச் செல்வோன் பல வேளைகளில் பகைவனே ஆகின்றான்.

'சூப்பர் ஹீரோ' என்று வழங்கும் பேராற்றல் வீரர்களைப்பற்றிய ஆங்கிலத் திரைப்படங்களை இக்காலத்து மாணவர் பெருவிருப்போடு காண்கின்றனர். இலக்கணமும் காப்பியமும் பயிற்றிய தமிழாசிரியன் ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். பாத்திரப் படைப்பு எங்கே காணப்படினும் அதனை ஆராய்தல் எங்கள் தொழிலேயாம். மேலும், அப்படங்களைக் கண்டு வெளியே வரும் இளைஞர்கள் வென்றவனைப்பற்றி ஒரு சொல்லும் தோற்றவனைப்பற்றி ஒன்பது சொல்லும் பேசக் கேட்டிருக்கின்றேன். "அவன் சொன்னதில் தவறு என்ன?" என்று ஒருவன் வினவுகின்றான். உடன் வருவோன் விடை கூற இயலாது தயங்குகின்றான். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. அதனை எழுப்பாத பகைவன் எவனும் நம் நெஞ்சில் நெடுநாள் தங்குவதில்லை.

சொல்லாராய்ச்சி செய்யாமல் ஒரு தமிழாசிரியனால் மேலே செல்ல இயலாது. 'வில்லன்' என்னும் சொல்லைப் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் கேட்டிருந்தால், வில்லை உடையோன் என்றே பொருள் கொண்டிருப்பார். ஆங்கிலச் சொல்லின் பிறப்போ வேறு. இலத்தீன் மொழியில் பெருநிலக்கிழாரின் பண்ணையில் உழைத்த எளியவனைக் குறித்த ஒரு சொல், பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலம் புகுந்தது. பண்ணையாள் என்னும் பொருள் காலப்போக்கில் பண்பற்றவன் என்றும், பின்னர்க் கொடியவன் என்றும் திரிந்தது. ஏழை உழவனுடைய பெயரைக் கொடியவனுக்குச் சூட்டியவர் யாராக இருத்தல் கூடும்? உழவர் அல்லர் என்பது திண்ணம்.

இச்சொல் வரலாற்றைப் போன்றதே பேராற்றல் வீரர்களின் பிறப்பு வரலாறும். அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளியில் பயின்ற ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் மாணவர் இருவர் 1933-ஆம் ஆண்டில் தாமே நடத்திய சிற்றிதழில் ஒரு கதையை வெளியிட்டனர். பெரும் பொருளாதார வீழ்ச்சி நிகழ்ந்த காலம் அது. இலவச உணவுக்காக வரிசையில் நின்ற ஏழை ஒருவனை அறிவியலார் ஒருவர் அழைத்துச் சென்று புதுமருந்து ஒன்றைக் கொடுக்கின்றார். அவன் பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றல் பெற்று உலகையே அடக்கி ஆள முயல்கின்றான். மருந்தின் ஆற்றல் தேய்ந்தபின் மீண்டும் அவ்வரிசைக்கே திரும்புகின்றான். அவனுக்கு அவர்கள் இட்ட பெயர் 'சூப்பர்மேன்'. ஆம், முதன்முதலாகப் பிறந்த சூப்பர்மேன் ஒரு தீயவனே! அப்பெயரை நல்லவன் ஒருவனுக்குச் சூட்டி அவர்கள் படைத்த வீரன் 1938-ஆம் ஆண்டில்தான் படக்கதை இதழில் தோன்றினான். வீரனும் பகைவனும் ஒரே விதையினின்று முளைத்தவர்கள் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

அச்சூப்பர்மேன் 1978-இல் பெரிய திரைப்படத்தின் தலைவனாக வந்தபோது, அவனை எதிர்த்த லெக்ஸ் லூதராக ஜீன் ஹாக்மன் நடித்தார். கலிபோர்னியாவில் சான் ஆன்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு உள்ளது. அதற்குக் கிழக்கே உள்ள பாலை நிலங்களை லூதர் குறைந்த விலைக்கு வாங்குகின்றான். அணுகுண்டால் அப்பிளவைத் தாக்கி, மேற்குக் கரையைக் கடலில் ஆழ்த்திவிட்டால் தன் பாலை நிலமெல்லாம் கடற்கரை மனைகளாகிவிடும் என்பது அவன் திட்டம். நில வாணிகத்தில் இத்துணைத் தொலைநோக்கு உடையாரை நான் கேள்விப்பட்டதில்லை. ஹாக்மனின் நடிப்பு நமக்கு நகை விளைக்கின்றது. எனினும் லூதருக்குப் பேராசை உண்டே தவிர, வழக்கு இல்லை. அவன் சிறை புகுந்ததும் நாமும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றோம்; அவனுக்கு நாம் சொல்ல வேண்டிய விடை எதுவும் எஞ்சுவதில்லை.

வழக்கு உடைய பகைவன் வேறு வகையினன். வெகுளி என்னும் மெய்ப்பாடு எவ்வெவற்றாற் பிறக்கும் என ஆராய்ந்த தொல்காப்பியர், உறுப்புகளைச் சிதைத்தல், குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் என நான்கினை வகுத்தார். இந்நான்கும் ஒருவன் செய்வன அல்ல. அவனுக்குப் பிறரால் செய்யப்படுவன. சினத்தின் வேர் சினந்தவனிடத்தில் இல்லை. அவனுக்குத் தீங்கிழைத்தவனிடத்தில் உள்ளது. இந்நுட்பத்தை அறிந்த படைப்பாளன் தன் பகைவனுக்குச் சினத்தை மட்டும் கொடுத்து அமையான்; அதன் வேரையும் கொடுப்பான்.

மேக்னீட்டோ என்பவனை நோக்குவோம். இரும்பு முதலிய உலோகங்களைத் தன் எண்ணத்தால் ஆட்டிவைக்கும் ஆற்றல் உடையவன் அவன். 1963-இல் 'எக்ஸ்-மென்' படக்கதையின் முதல் இதழில் தோன்றியபோது, உலகை ஆள விரும்பிய பத்தோடு பதினொன்றாகவே அவன் இருந்தான். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அக்கதையைப் பின்னர் எழுதிவந்த கிறிஸ் கிளேர்மாண்ட், 1981-இல் வெளிவந்த ஓர் இதழில் அவனுக்கு ஒரு பிள்ளைப் பருவத்தை வழங்கினார். நாசியரின் ஆஷ்விட்சு வதைமுகாமில் வளர்ந்த சிறுவன் அவன் என்பது அவ்விதழில் வெளிப்பட்டது. அதே இதழில், தன் சினத்துக்கு இரையான ஒரு சிறுமி இறந்துவிட்டாள் எனக் கருதி அவன் உளம் நடுங்குகின்றான். அன்றுமுதல் மேக்னீட்டோவை வெறுப்பது எளிதாக இல்லை.

2000-ஆம் ஆண்டில் வந்த 'எக்ஸ்-மென்' திரைப்படம் அவ்வேரிலிருந்தே தொடங்குகின்றது. 1944-ஆம் ஆண்டு, போலந்து நாட்டு வதைமுகாம், மழை பெய்துகொண்டிருக்கின்றது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறுவன் கை நீட்டிக் கதறுகின்றான். இடையே மூடப்பட்ட இரும்புக் கதவு அவன் கதறலுக்கு வளைகின்றது. காட்சி அவ்வளவே. பின்னர் அவன் முதியவனாகும்போது, தன்னைப் போலத் தனி ஆற்றலோடு பிறந்தோர் அனைவரும் தம் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் முன்மொழியப்படுகின்றது. பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்கி எங்கே போய் முடியும் என்பதை அவன் கண்ணாரக் கண்டவன். அவனுடைய அச்சத்தை அறிவின்மை என்று எவரால் கூற இயலும்?

இதுவரை அவன் வழக்கு வெல்கின்றது. இனி அவன் செய்வதைக் காண்போம். உலகத் தலைவர்கள் கூடும் நாளில் அவர்கள் அனைவரையும் தன் இனத்தவராக மாற்றிவிடும் பொறி ஒன்றை அவன் அமைக்கின்றான். அப்பொறியை இயக்குவோன் உயிர் பிழைத்தல் அரிது. ஆகவே தான் அதில் அமராமல், தன் ஆற்றலை வாங்கிக்கொள்ள வல்ல ரோக் என்னும் இளம்பெண்ணை அதில் பிணிக்கின்றான். அவளும் அவன் காக்கப் புறப்பட்ட இனத்தவளே! 'நீ கூறும் அறம் உண்மையாயின் அவ்விடத்தில் நீயன்றோ இருத்தல் வேண்டும்?' என்னும் கருத்துப்பட எதிரணியில் ஒருவன் அவனிடம் கூறுகின்றான். அவ்வொரு வினாவுக்கு மேக்னீட்டோவிடம் விடை இல்லை.

இளைஞர்களின் வினாவுக்கு நான் தேடிய விடையும் அதுவே. வீரனையும் பகைவனையும் பிரிப்பது ஆற்றல் அன்று; அவர்கள் பட்ட துன்பமும் அன்று. அத்துன்பத்துக்குரிய விலையை யார் தலையில் ஏற்றுகின்றார்கள் என்பதே அவர்களைப் பிரிக்கின்றது. பகைவன் கூறும் குறை உண்மையாக இருக்கலாம். குறை உண்மை என்பதனால் அவன் நீட்டும் கணக்கும் சரியாகிவிடாது.

கணக்கு என்றவுடன் தானோஸ் நினைவுக்கு வருகின்றான். 2018-இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' என்னும் படத்தின் பகைவன் அவன். உலகில் உயிர்கள் பெருகிவிட்டன, உணவும் நீரும் போதா, எனவே உயிர்களிற் பாதியை அழித்துவிட்டால் எஞ்சியோர் இன்புற்று வாழ்வர் என்பது அவன் வாதம். ஏழை செல்வன் என்று பாராமல் குடவோலை எடுப்பதுபோல் அழிப்பதால் தன்னை நடுவுநிலையாளன் என்றும் கருதிக்கொள்கின்றான். அமைதியான குரலில் சொல்லப்படுவதால் இவ்வாதம் அறிவுடைமை போலத் தோன்றுகின்றது. நாம் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1974-ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 400 கோடி. 2022 நவம்பரில் அது 800 கோடி ஆயிற்று. இரட்டிப்பாவதற்கு நாற்பத்தெட்டு ஆண்டுகளே ஆயின. அப்படியாயின், இத்துணைக் கொலைக்குப் பின் தானோஸ் உலகுக்கு ஈட்டித் தருவது ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தவணையே. எல்லாம் வல்ல ஆறு மணிகளைக் கையில் வைத்திருந்தவன், உணவை இரட்டிப்பாக்க ஏன் எண்ணவில்லை? தன் தாயகக் கோள் அழிந்த நாளில் தன் சொல்லைக் கேளாதவர்களுக்குத் தன் சொல்லே சரி என்று மெய்ப்பிக்க விரும்பினான் என்பதே என் கருத்து. அதற்காகத் தான் வளர்த்த மகள் கமோராவையே பாறையினின்று வீழ்த்துகின்றான். வீழ்த்திவிட்டுக் கண்ணீரும் விடுகின்றான். அக்கண்ணீர் பொய்யன்று, அதனாலேயே அது கொடிது.

இவ்விலக்கணத்துக்கு அடங்காதவன் ஒருவன் உளன். 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் ஜோக்கர் அவன். அப்பாத்திரத்தில் நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருமுன்னரே மறைந்தார்; மறைவுக்குப் பின் 2009-இல் அவருக்கு ஆஸ்கார் விருது அளிக்கப்பட்டது. ஜோக்கருக்கு ஊரில்லை, பேரில்லை, பிள்ளைப் பருவமும் இல்லை. தன் வாயோரத்துத் தழும்புகள் எவ்வாறு வந்தன என்று ஒருவனிடம் ஒரு கதை கூறுகின்றான். வேறொருத்தியிடம் முற்றிலும் வேறு கதை கூறுகின்றான். தனக்காக அவன் எவ்வழக்கும் தொடுப்பதில்லை. அவன் தொடுப்பது நம் எல்லார்மீதும் உள்ள வழக்கு. மக்களின் நல்லொழுக்கம் துன்பம் வரும்வரைதான், வந்துவிட்டால் ஒருவரையொருவர் தின்பர் என்பது அவன் குற்றச்சாட்டு.

அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்க அவன் இரண்டு கப்பல்களில் வெடிமருந்தை வைக்கின்றான். ஒன்றில் ஊர்மக்கள், மற்றொன்றில் சிறைக் கைதிகள். ஒரு கப்பலை வெடிக்கச் செய்யும் விசை மறு கப்பலில் உள்ளது. நள்ளிரவுக்குள் யாரேனும் மற்றவரை அழிக்காவிடில் இரண்டும் அழியும். ஊர்மக்கள் வாக்கெடுக்கின்றனர், அழிப்பதற்கே மிகுதியான வாக்குகள் விழுகின்றன. ஆயினும் விசையை அழுத்த ஒரு கையும் துணியவில்லை. மறு கப்பலில், பார்வைக்கே அச்சம் தரும் கைதி ஒருவன் காவலரிடமிருந்து விசையை வாங்குகின்றான். வாங்கியவன் அதனைச் சாளரத்தின் வழியே நீரில் எறிந்துவிட்டு வந்து அமர்கின்றான். ஜோக்கரின் வழக்குக்கு விடை கூறியவன் கதைத்தலைவன் அல்லன்; பெயரும் அறியப்படாத ஒரு கைதி. அக்காட்சிக்காகவே அப்படத்தை நான் மதிக்கின்றேன்.

இவர்கள் எல்லாரினும் என்னை மிகவும் வருத்திய பகைவன், 2018-இல் ரையன் கூக்லர் இயக்கிய 'பிளாக் பாந்தர்' படத்தின் எரிக் கில்மாங்கர் ஆவான். ஆப்பிரிக்காவில் வகாண்டா என்றொரு நாடு, கற்பனை நாடே. விண்ணிலிருந்து வீழ்ந்த அரிய உலோகம் ஒன்றால் அது பெருஞ்செல்வமும் பேரறிவியலும் பெற்றது. ஆயினும் தன்னை ஏழை நாடாகக் காட்டிக்கொண்டு உலகின் கண்ணுக்கு மறைந்தே வாழ்கின்றது. அண்டை நிலத்து மக்கள் விலங்கிடப்பட்டுக் கப்பல்களில் ஏற்றப்பட்ட நூற்றாண்டுகளிலும் அது வாய் திறக்கவில்லை.

1992-ஆம் ஆண்டில் கதை தொடங்குகின்றது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் கறுப்பின மக்கள் படும் துன்பத்தைக் கண்டு மனம் பொறாத வகாண்டா இளவரசன் என்ஜோபு, தன் நாட்டு உலோகத்தைக் கொண்டு அவர்களுக்குப் படைக்கலம் வழங்க முயல்கின்றான். அவன் அண்ணனாகிய அரசன் டிசாக்கா அதனை அறிந்து நேரில் வருகின்றான். வாக்குவாதத்தில் தம்பி ஆயுதம் எடுக்க, அண்ணன் கையாலேயே தம்பி இறக்கின்றான். கீழே தெருவில் சிறுவர்கள் பழக்கூடை போன்ற ஒரு பெட்டியைக் கட்டி வைத்துப் பந்து எறிந்து விளையாடுகின்றனர். அவர்களுள் ஒருவன் வானத்தில் ஓர் ஒளி நகர்ந்து செல்வதை அண்ணாந்து பார்க்கின்றான். அரசன் ஏறிச் செல்லும் ஊர்தியின் ஒளி அது. பார்க்கும் சிறுவன், இறந்தவனுடைய மகன். நாட்டின் மறைவு கெடக் கூடாது என்பதற்காக அரசன் தன் உடன்பிறந்தான் மகனை அங்கேயே விட்டுச் செல்கின்றான். குடிக்குக் கேடு சூழ்தல் என்று தொல்காப்பியர் வகுத்ததற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அச்சிறுவனே வளர்ந்து கில்மாங்கர் ஆகின்றான். மைக்கேல் பி. ஜோர்டன் அவ்வேடம் பூண்டார். இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் அவனை நாம் மீண்டும் காண்கின்றோம். கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் ஆப்பிரிக்கப் பொருள்களைச் சுட்டி, இவை எவ்வூருக்குரியன என அங்குள்ள பெண்மணியிடம் அவன் வினவுகின்றான். பின்னர், உங்கள் முன்னோர் இவற்றை விலை கொடுத்தா வாங்கினர் என்னும் பொருள்படக் கேட்கின்றான். கற்பனைக் கதையில் வந்தாலும் இவ்வினா கற்பனையன்று. 1897-இல் ஆங்கிலப் படை பெனின் நகரைத் தாக்கிக் கைப்பற்றிய வெண்கலச் சிற்பங்கள் பல இன்றும் இலண்டனில் உள்ளன. அவையிலே நின்று அவன் கேட்ட கேள்விக்கு வரலாறு சான்று கூறும். ஆனால் அக்கேள்வியைக் கேட்கும்போதே அப்பெண்மணி அருந்திய காப்பியில் நஞ்சு கலந்தாயிற்று. உண்மையான கேள்வி, நஞ்சிட்ட காப்பி என்னும் இவ்விரண்டும் சேர்ந்தவனே கில்மாங்கர்.

அவன் வகாண்டாவுக்கு வந்து தன் பிறப்புரிமையைக் கூறுகின்றான். முறைப்படி நடந்த மற்போரில் டிசாக்காவின் மகன் டிசாலாவை வென்று அரியணை ஏறுகின்றான். அரசனாவோன் ஒரு மூலிகைச் சாற்றைப் பருகி, மறைந்த முன்னோரைக் கனவு நிலையிற் காண்பது அந்நாட்டு வழக்கம். முன்னர் டிசாலா பருகியபோது, ஒளி வீசும் அகன்ற புல்வெளியில் மூதாதையர் பலர் அவனை வரவேற்றனர். கில்மாங்கர் பருகியபோது அவன் கண்டது ஓக்லாந்தின் சிறு குடியிருப்பு அறை. அங்கே தந்தை ஒருவரே தனித்து இருக்கின்றார். எனக்காக உனக்குக் கண்ணீரும் இல்லையா என அவர் கேட்கின்றார். இங்கே எல்லாரும் சாகின்றனர், அதுதான் இங்குள்ள வாழ்க்கை என்கிறான் மகன். தந்தை அழுகின்றார். முன்னோர் கூட்டத்திலும் இடமின்றி விடப்பட்ட ஒருவனைக் கண்டு நானும் கலங்கினேன் என்று கூறுவதில் எனக்கு வெட்கமில்லை.

கண் விழித்த அரசன் முதலில் இட்ட கட்டளை யாது? தனக்குப் பின் இன்னொருவன் அச்சாற்றைப் பருகலாகாது என, மூலிகைத் தோட்டம் முழுவதையும் எரிக்கச் சொல்லுகின்றான். தயங்கிய மூதாட்டியின் கழுத்தைப் பற்றித் தூக்குகின்றான். இதற்கு முன்னரே, தனக்குத் தடையான தருணத்தில் தன்னோடு உழைத்த தோழியையும் சுட்டு வீழ்த்தினான். தந்தையற்றவனாக விடப்பட்டவன், இனி வருவோர் அனைவரையும் முன்னோரற்றவராக ஆக்குகின்றான். தனக்கு இழைக்கப்பட்டதை அப்படியே திருப்பி இழைக்கின்றான். இழைத்தவர்மீது மட்டும் அன்று.

டிசாலாவுக்கும் இழப்பு இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த முந்தைய படத்தில் வியன்னா நகரில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் அவன் தந்தை இறக்கின்றார். அக்குற்றத்தைச் செய்தவன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், பழிவாங்கும் வெறி தன்னையும் தின்றுவிடும் என உணர்ந்து அவனைக் கொல்லாது சட்டத்தின் கையில் ஒப்படைத்தான். எனினும் டிசாலாவின் பெருமையை நான் அங்கே காணவில்லை. மற்போரில் வீழ்ந்து சாவின் வாயில்வரை சென்றவன், கனவு நிலையில் தன் தந்தையையும் முன்னோரையும் மீண்டும் காண்கின்றான். அச்சிறுவனை ஏன் கைவிட்டீர் என்று வினவி, நீங்கள் அனைவரும் தவறு செய்தீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கூறுகின்றான். பகைவனோடு போர் இன்னும் முடியவில்லை. ஆயினும் பகைவனின் வழக்கை நேர்மையாகக் கேட்டு முடித்துவிட்டான்.

இறுதிப் போரில் கில்மாங்கர் வீழ்கின்றான். மார்பில் ஆயுதம் பாய்ந்த நிலையில், தந்தை சிறுவயதில் வருணித்த வகாண்டாவின் மாலைக் கதிரவனை அவன் காண வேண்டும் என்று டிசாலாவே அவனை மலைவிளிம்புக்கு அழைத்துச் செல்கின்றான். புண்ணை ஆற்றிவிடலாம் என்றும் கூறுகின்றான். சிறையில் வாழ்வதற்கு அவன் இசையவில்லை. அடிமைத்தளையினும் சாவே மேல் என்று கப்பல்களிலிருந்து கடலில் குதித்த முன்னோரிடம் தன்னையும் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டு உயிர் விடுகின்றான். முன்னோரற்றவனாக வாழ்ந்தவன் சாகும்போது தன் முன்னோரைத் தானே தேர்ந்துகொண்டான். படம் பார்த்த அரங்கில் அவ்வேளை ஒருவரும் கைதட்டவில்லை.

பகைவன் வீழ்ந்ததும் இத்தகைய படங்கள் முடிந்துவிடுதல் வழக்கம். இப்படம் முடியவில்லை. டிசாலா தன் தங்கையோடு ஓக்லாந்து செல்கின்றான். தன் சிற்றப்பன் இறந்த அக்கட்டடத்தையும் சுற்றியுள்ள மனைகளையும் விலைக்கு வாங்கி, அவ்வூர் மக்களுக்கு உதவும் நிலையம் ஒன்றை அங்கே நிறுவப்போவதாகக் கூறுகின்றான். இதுகாறும் மறைந்து பறந்த வகாண்டாவின் ஊர்தி பகலொளியில் எல்லாரும் காண இறங்கி நிற்கின்றது. அதே பந்தாட்டக் களத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் பந்தை விட்டுவிட்டு ஊர்தியை நோக்கி ஓடுகின்றனர். அவர்களுள் ஒருவன் மட்டும் திரும்பி டிசாலாவிடம் வருகின்றான். அவனை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்கின்றான்.